இடித்த வண்டிக்கு இரண்டு கட்டை

அத்தியாயம் 5

“கைது பண்ணணும்னா தாராளமா பண்ணலாம் அண்ணி. குத்தவாளின்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு,” என்றான் ரேடியோ.

கட்டெறும்பு அவனை முறைத்தான். முறைக்காமல் என்ன செய்வான்? தூங்காத கண், சவரம் பார்க்காத தாடை, கடித்துக் கடித்துப் புண்ணாகிப்போன உதடு. வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் கையால் கட்டிய காரை இழுத்துக்கொண்டு இந்த நேர் தார்ச்சாலைக்கு வந்துவிடுவான். இரண்டு கார் அருகருகே நிற்கும். நடுக்கம்பத்தில் பச்சை விளக்கு விழும். கடைசிக் கோட்டை யார் முதலில் தாண்டுகிறார்களோ அவர் ஜெயித்தார். டிராக் ரேஸ் என்பது அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு ஒரு சம்மேளனம், சம்மேளனத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்குத் தலையாட்ட ஒரு கமிட்டி, கமிட்டி பொழுதுபோகாதபோதெல்லாம் எழுதிச் சேர்த்த நூற்றுச் சொச்சம் விதிகள்.

அன்று காலை அந்தப் பச்சை விளக்குக் கம்பம் பாதியில் மடங்கிக் கிடந்தது. அதன் மேல் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது கட்டெறும்பின் மஞ்சள் கார்.

“அவர் மூஞ்சியை விடு. வண்டியைப் பாரு,” என்றாள் அண்ணி.

அண்ணி ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து மதிப்புப் போடுகிற வேலை. குடித்துவிட்டு மதில் சுவரில் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர், நாய் குறுக்கே வந்தது என்று அவள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள். அத்தனை நாயையும் விசாரித்து இல்லை என்று நிரூபித்தவள், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். ரேடியோ அவளுடைய வீட்டுக்காரரின் தம்பி. கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன், “இவனை வேலைக்கு வெச்சுக்கோ, வீட்டுல இருந்தா பேசியே கொன்னுடுவான்” என்று சிபாரிசு செய்ததில் உதவியாளன் ஆனவன். வாய்க்கு ஸ்விட்ச் கிடையாது. அதனால்தான் ரேடியோ.

“நேத்து நடந்ததைத் திரும்ப ஒருதரம் சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

“நேத்து ரேஸுக்கு முந்தின சோதனை மேடம். பெல்ட்டு, பிரேக்கு, பெட்ரோல் டாங்கு எல்லாம் சரியா இருக்கான்னு பார்ப்பாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்தது. கடைசியில கதவுல எழுதியிருக்கற நம்பர் சாய்ஞ்சிருக்குன்னு ஃபெயில் பண்ணிட்டாரு ஸ்டிக்கர்.”

“யாரு?”

“சம்மேளனத்தோட தொழில்நுட்ப அதிகாரி. அவர் கையால ஸ்டிக்கர் ஒட்டினாத்தான் வண்டி கோட்டுக்குப் போக முடியும். அதான் அந்தப் பேரு.” கட்டெறும்பு காறித் துப்பப் போய், அண்ணி நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். “நம்பரை அழிச்சுட்டு நேரா எழுதித் தர்றேன்னேன். கேக்கல. வண்டியை அவங்க ஷெட்டுலயே பூட்டிட்டாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கல. எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்.”

“என்னன்னு கத்துனீங்க?” என்றான் ரேடியோ.

“உங்க விளக்குக் கம்பத்தைப் புடுங்கி எறியறேன்டான்னு.”

“பிரமாதம். வேற யாராவது கம்பத்தை உடைச்சிருந்தாக்கூட அது நம்ம பேருக்குத்தான் வரணும்னு முன்கூட்டியே ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கீங்க.”

அதுதான் சம்மேளனத்தின் கட்சியும். ராத்திரி யாரோ ஷெட்டின் பூட்டைக் கட்டரால் வெட்டியிருக்கிறார்கள். மஞ்சள் காரை வெளியே எடுத்துக் கம்பத்தில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரேஸ் காருக்குச் சாவி கிடையாது, ஒரு ஸ்விட்ச்தான். கத்தியவன் கட்டெறும்பு. கட்டர் வைத்திருப்பவன் கட்டெறும்பு. ராத்திரி வீட்டில்தான் தூங்கினேன் என்றால் அதற்குச் சாட்சி அவன் பெண்டாட்டி ஒருத்திதான். இன்று மாலை கமிட்டி கூடுகிறது. ஆயுள் தடை விதித்துவிட்டுக் கையோடு போலீசிலும் புகார் கொடுப்பதாக ஏற்பாடு.

“கேஸ்னு ஒண்ணு வந்துட்டா, நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல வேன் சாவியை வாங்கி வெச்சுடுவாங்க மேடம். கேஸ் உள்ளவன்கிட்ட யாரு புள்ளைங்களை ஏத்தி அனுப்புவா? நானே அனுப்ப மாட்டேன்.” “ரேஸும் போயி, வேனும் போயிட்டா, நான் எதுக்குமே லாயக்கில்லை.”

ரேடியோவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதை மறைக்க வண்டியைச் சுற்றிக்கொண்டு வேகமாகப் பின்பக்கம் போனான். போன வேகத்தில் எதிலோ இடறி டிக்கியின் மேல் குப்புற விழுந்தான்.

“அண்ணி, பொறி வெச்சிருக்காங்க!”

பொறி இல்லை. பின் டயருக்கடியில் மரத்தால் ஆன ஆப்பு ஒன்று சொருகியிருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, சம்மேளனத்தின் முத்திரை குத்திய கட்டை. வண்டி நகராமல் இருக்க டயருக்குக் கொடுப்பார்களே, அது. அந்தப் பக்க டயருக்கும் அதேபோல ஒன்று. இரண்டும் அளவெடுத்தாற்போல் நேராக, அழுத்தமாகச் சொருகப்பட்டிருந்தன.

அண்ணி குந்தி உட்கார்ந்தாள். போனை எடுத்து இரண்டையும் நாலு கோணத்தில் படம் பிடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டாள். அப்படிச் சொருகினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று ரேடியோவுக்குத் தெரியும்.

“இந்த வண்டி எங்கே ஓடிப்போயிடும்னு கட்டை வெச்சாங்க?” என்றான் அவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே. “கம்பத்தையும் தூக்கிக்கிட்டு ஓடுமா?”

கட்டெறும்பு சிரித்தான். சந்தோஷமில்லாத சிரிப்பு. “விதி நாப்பத்தொண்ணு. எந்த வண்டி எங்கே நின்னாலும், எதுக்காக நின்னாலும், பின் டயர் ரெண்டுக்கும் கட்டை. இந்த சீசன்ல ஸ்டிக்கர் கொண்டுவந்தது. வெக்கலைன்னா அன்னிக்கு ரேஸ் கிடையாது. ஆம்புலன்ஸ் ஒண்ணு நிரந்தரமா நிக்கட்டும்னு மூணு சீசனா கெஞ்சறோம், அதுக்கு விதி எழுத ஆளில்லை. கட்டைக்கு எழுதறாரு.”

“நீங்க வெப்பீங்களா?”

“அவர் பார்த்தா வெப்போம். அந்தப் பக்கம் திரும்பினா காலால எத்தி விடுவோம். எங்க ஆளுங்க ஒருத்தனும் தானா வெக்க மாட்டான் மேடம். வெச்சா மத்தவன் கேவலமாப் பார்ப்பான்.”

“உங்க ஸ்டிக்கர்?”

“அவரு தன்னோட ஸ்கூட்டருக்கே கட்டை வெக்கிறவர்.”

அண்ணி எழுந்தாள். நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாச்மேனிடம் போனாள்.

“அண்ணே, டயருக்குக் கட்டை வெச்சது நீங்களா?”

“ஐயோ, நான் கிட்டயே போகலம்மா. காலையில வந்தேன், பார்த்தேன், தலைவருக்குப் போன் போட்டேன். ஒருத்தரையும் தொட விடாதேன்னாரு. அதுல இருந்து இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்கல.”

“ராத்திரி நீங்க எங்கே?”

“சம்மேளனத்துல இருந்து கூப்பிட்டு, இன்னிக்கு வீட்டுல போயி நல்லாத் தூங்குன்னாங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்லை. எனக்குப் பயமாயிடுச்சும்மா, வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களோன்னு.”

“தொழில்நுட்ப அதிகாரி வந்து பார்த்தாரா?”

“அவர் நேத்தே மச்சினன் வீட்டுக்கு வெளியூர் போயிட்டாராம். சாயந்திரம் நேரா கமிட்டிக்குத்தான் வருவாருன்னு தலைவர் சொன்னாரு.”

“அப்படியா?” என்றாள் அண்ணி மிகவும் சாதுவாக.

அடுத்து அவள் போனது தொடக்கக் கோட்டுக்கு. கோட்டுக்குப் பின்னால் தரை இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. ஈரத்திலிருந்து கிளம்பிய இரண்டு கறுப்புத் தடங்கள் கோணல்மாணலாக வளைந்து கம்பத்தில் போய் முடிந்தன. கட்டெறும்பு தடத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். வண்டி நசுங்கியதற்கு வராத அழுகை இதற்கு வந்துவிடும்போல இருந்தது.

“இந்த லட்சணத்துல நான் ஓட்டுனேன்னு எழுதியிருக்காங்க பாருங்க! என் ஏழாவது படிக்கிற பொண்ணு இதைவிட நேரா ஓட்டுவா.”

“தண்ணி எதுக்கு?”

“ரேஸுக்கு முந்தி பின் டயரைத் தண்ணியில நனைச்சு, நின்ன இடத்துலயே சுத்த விடுவோம். டயர் சூடாகி ரோட்டைக் கவ்வும். அப்பத்தான் கிளம்பும்போது நல்ல டைம் கிடைக்கும்.”

“கம்பத்தை இடிக்கணும்னு ஆத்திரத்தோட வர்றவனுக்கு நல்ல டைம் எதுக்கு?”

ரேடியோவுக்கே சுருக்கென்றது. கம்பத்தை உடைக்க வந்தவன் உடைத்துவிட்டுப் போவான். தண்ணீர் ஊற்றி, டயரைச் சூடாக்கி, கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான் என்றால் அவனுக்குக் கம்பத்தின் மேல் கோபமே இல்லை. அவன் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்டிருக்கிறான். ஓட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி வண்டியிடம் திரும்பி வந்தாள். “ரேடியோ, வாச்மேன் பார்க்காத பக்கமா உள்ளே ஏறி உட்காரு,” என்றாள்.

கதவுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள். ரேடியோவின் தொந்தி பாதியில் நின்று யோசித்து, பிறகு உள்ளே போனது. சீட்டின் இரண்டு தோளிலும் இடுப்பிலும் வருகிற ரேஸ் பெல்ட்டை அவன் இழுத்தான். கிளிக் என்று மாட்டிக்கொண்டது.

“அண்ணி, ஒரு அதிசயம். என் வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு பெல்ட்டு என்னை அவமானப்படுத்தாம மாட்டுது.”

“நீ எதையும் லூஸ் பண்ணலையே?”

“தொடவே இல்லை.”

அண்ணி திரும்பிக் கட்டெறும்பைப் பார்த்தாள். அவன் நெஞ்சு ரேடியோவின் ஒரு தொடை அளவு இருந்தது.

“இது என் அளவு இல்லை,” என்றான் அவன் மெதுவாக. “யாரோ கடைசி வரைக்கும் இழுத்து விட்டிருக்காங்க.”

வாச்மேன் போன் பேசத் திரும்பிய நேரம் பார்த்து, அண்ணி தன் பெரிய தோள்பையை ரேடியோவிடம் நீட்டினாள். “அந்த ரெண்டு கட்டையையும் உருவி இதுல போடு.”

“தடயத்தைத் திருடச் சொல்றீங்க. எங்கண்ணன் உங்களை நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டாரு.”

“படம் எடுத்தாச்சு. நான் இந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போது அங்கே கட்டை இருக்கக்கூடாது. போ.”

மாலை வரை அவர்கள் மூன்று பேரும் காரில் சுற்றினார்கள். கட்டெறும்பு சொல்லச் சொல்ல அண்ணி வண்டியை நிறுத்தி, வேறு மூன்று ரேஸ்காரர்களைப் பார்த்துப் பேசினாள். பேக்கரிக்காரர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி. மூவருக்கும் சம்மேளனத்தின் மேல் கொலைவெறி. ஹெல்மெட்டை இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள், அடுத்த சீசனில் அதே ஹெல்மெட் செல்லாது என்கிறார்கள், கடுதாசி போட்டால் பதில் இல்லை, நேரில் போனால் உட்காரச் சொல்வதில்லை. சம்மேளனத்தை விட்டால் வேறு டிராக்கும் இல்லை. வயிறெரிந்துகொண்டே போய்ச் சலாம் போட வேண்டியிருக்கிறது. மூவரின் வண்டியும் இந்த சீசனில் ஏதோ ஒரு நொட்டைக் காரணத்துக்காக ஷெட்டில் ராத்தங்கியிருக்கிறது.

“திரும்பி வந்தப்ப டயர் தேய்ஞ்சிருந்தது,” என்றாள் ஆம்புலன்ஸ்காரி. “சும்மா நின்ன வண்டி டயர் எப்படித் தேயும்னு கேட்டேன். காத்துல தேயும்மான்னு சொல்லிச் சிரிச்சாரு தலைவர். கமிட்டியே சிரிச்சது.”

அண்ணி சிரிக்கவில்லை.

சம்மேளனத்தின் ஆபீஸ் ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குறுகலான ஒரே படிக்கட்டு. செய்தி பரவி, ரேஸ்காரர்கள் கீழே நடைபாதையிலிருந்து மாடி வாசல் வரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கட்டெறும்பையும் அண்ணியையும் ரேடியோவையும் மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். ஓட்டியவர்களின் படம் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. கோப்பை கொடுக்கிற தலைவரின் படங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. நீள மேஜையின் நடுவே தலைவர். சோபாக் கடை முதலாளி. அவர் விற்கிற சோபாவில் ஒன்று சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தார். இருபுறமும் கமிட்டியார் நாலு பேர். ஓரத்தில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் பயணப் பையுமாக ஒல்லியான ஒருவர். ஸ்டிக்கர். அந்தப் பையை எல்லார் கண்ணிலும் படும்படி மேஜை மேல் வைத்திருந்தார்.

“இந்த அம்மா யாரு?” என்றார் தலைவர் கட்டெறும்பிடம். “வக்கீலா? இல்லை, அழறதுக்குக் கூட்டிட்டு வந்தியா?”

“சர்வேயர்,” என்றாள் அண்ணி.

“இங்கே சர்வே பண்ண ஒண்ணும் இல்லை. இவன் கம்பத்தை உடைப்பேன்னான், உடைச்சான். தடை போடறோம், போலீசுக்குச் சொல்றோம், வீட்டுக்குப் போறோம். டேய், நீ ஏதாவது சொல்றதுன்னா ரெண்டு வார்த்தையில சொல்லிட்டுக் கிளம்பு.”

“டேய்னு கூப்பிடாதீங்க,” என்றான் கட்டெறும்பு.

“வேற எப்படிக் கூப்பிடணும்? வேன் ஓட்டறவனை ஐயான்னா?”

ரேடியோவுக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணி அவன் காலை மிதித்தாள்.

“இவருக்காகப் பேச நான் வரலை சார். தடை போடறதுன்னா போட்டுக்குங்க,” என்றாள் அவள். கட்டெறும்பு திடுக்கிட்டுத் திரும்பினான். “நான் வந்தது வேற விஷயமா. விதி நாற்பத்தொன்றை மீறியிருக்காங்க. அதுக்குப் புகார் கொடுக்கணும்.”

தலைவர் கொட்டாவி விட்டார். ஆனால் மேஜையின் ஓரத்தில் ஸ்டிக்கரின் முதுகு நிமிர்ந்தது.

“என்ன மீறல்?” என்றார்.

“டிராக்குல அந்த வண்டி தன்னந்தனியா நிக்குது. இப்ப அது உங்க சம்மேளனத்தோட பொறுப்பு. பின் டயருக்கு ஒரு கட்டைகூடக் கிடையாது. நான் கிளம்பும்போது நல்லாப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

“இதெல்லாம் ஒரு விஷயமா!” என்றார் தலைவர்.

“விஷயம்தான் சார்,” என்றார் ஸ்டிக்கர் சட்டென்று. பிறகு அண்ணியிடம், “நீங்க சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க,” என்றார்.

“பார்த்தேன். இல்லை.”

“இருக்கும்.”

“இல்லைங்க. நூறு பேரை இந்த விதிக்காக வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க. உங்க வண்டின்னு வந்ததும் அம்போன்னு விட்டுட்டீங்க. இதை நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடணும். விதி எழுதினவரே மறந்துட்டாருன்னு நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்.”

ஸ்டிக்கரின் காது சிவந்தது. ரேடியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அந்த மனுஷன் இப்படித் துடித்திருக்க மாட்டார்.

“மறக்கறதா? நானா?”

“உங்களைக் குத்தம் சொல்லலை. நீங்கதான் ஊர்லயே இல்லையே, பாவம். உங்களுக்குக் கீழே இருக்கறவங்க மறந்திருப்பாங்க.”

“எனக்குக் கீழே யாரு இருக்கா? நான்தான்! ரேடியேட்டர்ல ஆவி அடங்கறதுக்குள்ள ரெண்டு கட்டையும் வெச்சேன். இந்தக் கையால வெச்சேன். ஆட்டிப் பார்த்துட்டுத்தான் நகர்ந்தேன். என்னைப் போயி...”

அவர் நிறுத்திக்கொண்டார். மேஜை மேல் இருந்த தன் பயணப் பையை, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

அண்ணி கையை நீட்டினாள். ரேடியோ தோள்பையைத் திறந்து இரண்டு மஞ்சள் கட்டைகளையும் மேஜை மேல் டொக், டொக் என்று வைத்தான்.

“மச்சினன் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா சார்?” என்றான்.

முதலில் எழுந்தவர் தலைவர். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “அடப்பாவி! நீயா? கூட இருந்தே குழி பறிச்சியா? ராத்திரியில வண்டியை எடுத்து, என் கம்பத்தை உடைச்சுட்டு, ஊர்ல இல்லைன்னு என்கிட்டயே பொய் சொன்னியா?” அவர் கமிட்டியின் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க. இவனை இந்த நிமிஷமே நீக்கறேன். போலீசுக்கு இவன் பேரைச் சொல்லுங்க. தம்பி, நீ வீட்டுக்குப் போப்பா, உன்மேல தப்பில்லை.”

கட்டெறும்புக்குத் ‘தம்பி’ என்று பதவி உயர்வு கிடைத்திருந்தது. ஸ்டிக்கர் தலைவரை அண்ணாந்து பார்த்தார். ரேடியோ மனசுக்குள் கேஸை மூடி, அண்ணியிடம் எந்த ஹோட்டலில் சாப்பாடு கேட்கலாம் என்கிற வரைக்கும் போய்விட்டான்.

“அவசரப்படாதீங்க,” என்றாள் அண்ணி. “கட்டை வெச்சது இவர். ஓட்டுனது இவர்னு நான் எப்போ சொன்னேன்?”

“வேற யாரு?”

“அந்த சீட்டுல பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து விட்டிருக்கு. அதை மாட்டினா இவர் அதுக்குள்ள குடும்பத்தோட உட்காரலாம். ரேடியோ, முன்னால வந்து நில்லு.”

ரேடியோ முன்னால் வந்தான்.

“இவனுக்குக் கனகச்சிதமா மாட்டுச்சு.”

அப்போதுதான் ரேடியோவுக்குப் புரிந்தது. தன் தொந்தியை இப்படி ஒரு சாட்சியாக நிறுத்துவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கமிட்டியார் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தான். எல்லாரும் வற்றல். பார்வை நடுவில் வந்து நின்றபோது, தலைவர் விழுந்த நாற்காலியைத் தானே நிமிர்த்தி உட்கார்ந்து, வயிறு மறைகிற மட்டும் மேஜையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன உளறல் இது? நான் எதுக்கு அந்த ஓட்டை வண்டியில ஏறப் போறேன்?”

பதில் ஓரத்திலிருந்து வந்தது. ஸ்டிக்கரின் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, அவமானத்தில்.

“பெல்ட்டு பத்தலைன்னு நான்தானே சார் லூஸ் பண்ணிக் குடுத்தேன். பெல்ட்டு இல்லாம ஒருத்தரையும் நான் ஓட்ட விட்டதில்லை. உங்களையும் விடலை. அதனாலதான் இப்ப உசிரோட உட்கார்ந்திருக்கீங்க. என்னையா போலீசுல குடுக்கறீங்க?”

“வாயை மூடு!”

“இந்த சீசன் முழுக்க, எந்த வண்டி பிடிச்சிருக்கோ அதை ஃபெயில் பண்ணுன்னு நீங்க சொல்லுவீங்க. நான் பண்ணுவேன். ராத்திரி வந்து ஓட்டிட்டுப் போவீங்க. நேத்து இடிச்சதும் நீங்கதான், பழி அவன்மேல விழட்டும்னு பூட்டை வெட்டச் சொன்னதும் நீங்கதான். பாவம் அவன் நம்பர் கோணையாவே இல்லை சார்.”

கமிட்டியில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலைவரைப் பார்க்காமல் சொன்னார். “தடை இல்லை. புகாரும் இல்லை. இந்தப் பையன்மேல எதுவும் கிடையாது.” மற்ற மூவரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தலையாட்டத்தான் தெரியும், யாருக்கு என்பதுதான் மாறியிருந்தது.

வேன் பிழைத்தது. ரேஸும் பிழைத்தது. கட்டெறும்பு துள்ளிக் குதிப்பான் என்று ரேடியோ நினைத்தான். அவன் நகரவே இல்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றித் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்,” என்றான். கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம் இருந்தது அந்தக் குரலில். “ஓட்டணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா, நானே உட்கார வெச்சிருப்பேன். பெல்ட்டு மாட்டி, எங்கே அழுத்தணும், எங்கே காலை எடுக்கணும்னு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருப்பேன். நாங்க யாரு கேட்டாலும் சொல்லிக் குடுப்போம் சார். கம்பமும் நின்னிருக்கும், என் வண்டியும் இருந்திருக்கும்.”

தலைவர் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிடிபட்ட வெட்கம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

“உன்கிட்டயா?” என்றார். “நான் வந்து உன்கிட்ட கேக்கணுமா?”

ரேடியோவுக்குக் கை பரபரத்தது. இத்தனை சீசனாக நூறு பேர் எழுதிய கடுதாசிக்கெல்லாம் பதில் இந்த ஒரு வரிதான் என்று தோன்றியது. அறைந்தால் என்ன என்று அவன் ஓர் அடி முன்னால் வைத்தபோது, கட்டெறும்பு திரும்பி நடந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டான்.

வாசலிலிருந்து கீழே தெரு வரைக்கும் முகங்கள். மெல்லிய பலகைக் கதவு அது. உள்ளே பேசியது அத்தனையும் படிப்படியாக இறங்கிப் போயிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. யாரும் கத்தவில்லை. முதல் படியில் நின்ற ஆம்புலன்ஸ்காரி அப்படியே உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்து பல் டாக்டர். பேக்கரிக்காரர். ஒருவர் பின் ஒருவராகப் படிக்கட்டு முழுக்க உட்கார்ந்தார்கள்.

தலைவர் எழுந்தார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விறைப்பாக நடந்து வாசலுக்கு வந்தார். கால் வைக்க இடம் இல்லை. அவருடைய கார் கீழே தெருவில் நின்றது, இறங்குவதற்கு இருந்தது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான்.

“கொஞ்சம் வழி விடுங்கன்னு கேளுங்க சார்,” என்றான் ரேடியோ பின்னாலிருந்து. “நல்லவங்க. கேட்டா விட்டுடுவாங்க.”

தலைவரின் வாய் ஒருமுறை திறந்தது. சத்தம் வரவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. சாவியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.